பெட்டிக்கு இடம் பார்த்த தம்பிக்கு



உங்கள் பெயரையும் பட்டறை இருக்கிற இடத்தையும் எழுதாமல்தான் இந்த மடலைப் பொதுவில் வைக்கிறேன். பெயரைப் போட்டால் கூச்சப்படுவீர்கள். இடத்தைச் சொன்னால் நாமக்கல் சுற்றுவட்டாரத்து லாரியில் பாதி உங்கள் வாசலுக்கு வந்துவிடும். அப்புறம் ஒரு ரிலே மாற்றுவதற்குக்கூட நான் வரிசையில் நிற்க வேண்டும். இது உங்களுக்குத்தான் என்று நாலு வரி தாண்டுவதற்குள் தெரிந்துகொள்வீர்கள்.

என் லாரியில் நீங்கள் மாட்டிக்கொடுத்த ஸ்பீடு கவர்னருக்காக நன்றி சொல்ல வந்திருக்கிறேன். அந்தப் பெட்டியை வைத்துக்கொள்ள எனக்குப் பெரிய ஆசை ஒன்றும் இருந்ததில்லை; அதை அன்றைக்கே உங்களிடம் சொல்லியும் விட்டேன். நீங்கள் அதை மாட்டிய விதம்தான் என்னை எழுத வைக்கிறது.

லாரி ஓட்டாதவர்களும் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் விவரம். 2015 ஏப்ரலில் மத்திய மோட்டார் வாகன விதி 118-ஐத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் தயாராகிற பெரிய சரக்கு வண்டிகளிலும் பஸ்களிலும் மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடவிடாத கருவி இருக்க வேண்டும். டிப்பர், டேங்கர், பள்ளி வண்டி, ஆபத்தான சரக்கு ஏற்றுகிற வண்டி என்றால் 60. அதற்கு முன்னால் வந்த வண்டிக்கு வெளியில் வாங்கித்தான் மாட்ட வேண்டும். என் வண்டி 2014 மாடல், இரண்டாம் கையாக வாங்கியது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் கேட்கிற காகிதங்களில் கவர்னர் சான்றிதழும் ஒன்று.

காகிதம் கேட்பதால் காகிதத்துக்காகவே மாட்டுகிறவர்கள் கிளம்பிவிட்டார்கள். இதற்கு முன்னால் நான் வைத்திருந்த லாரியில் அப்படித்தான் ஒருவர் மாட்டினார். ஊரும் பேரும் வேண்டாம். ஸ்டியரிங் தண்டுக்குக் கீழே தகரத்தில் ஓட்டை போட்டு இரண்டு ஸ்குரூ. ஒயரை டேப் சுற்றித் தொங்கவிட்டு, சீல் வைத்து, போட்டோ எடுத்து, சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்த வேலை. அன்றிலிருந்து கிளட்ச் மிதிக்கக் காலைத் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் முழங்கால் அந்தப் பெட்டியின் மூலையில் உரசும். நெடுஞ்சாலையில் டாப் கியரில் போகும்போது தெரியாது. ஊருக்குள் நுழைந்தால் கிளட்சிலிருந்து காலை எடுக்கவே முடியாதே! நாமக்கல்லிலிருந்து ஈரோட்டுக்குள் போய்த் திரும்பினாலே பேண்ட்டின் இடது முழங்காலில் நூல் பிரிந்துவிடும்.

உரசலோடு போயிருந்தால் சகித்திருப்பேன். ஒரு நாள் இன்ஜின் வேலைக்காக மெக்கானிக் கேபினைச் சாய்த்தார். கியர்பாக்ஸிலிருந்து மேலே ஏற்றியிருந்த வேக ஒயர் அந்த ஆட்டத்துக்குப் போதாமல் அறுந்துபோனது, பக்கத்திலிருந்த கம்பெனி ஒயரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு. கேபின் என்பது முன்னால் கவிழ்கிற சாமான் என்பதையே அந்த ஆள் யோசிக்கவில்லை. நின்ற இடத்தில் நிற்கிற அலமாரி என்று நினைத்துவிட்டார்.

அதனால்தான் உங்கள் பட்டறையில் வண்டியை விடும்போது எனக்கு நம்பிக்கை இல்லை. டீலர் உங்களிடம்தான் மாட்டிச் சீல் வைக்க வேண்டும் என்று சொன்னதால் வந்தேன். வேறு வழி இல்லாமல் வந்தேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பெட்டியின் அட்டையைக்கூடப் பிரிக்கவில்லை. கேபினில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தீர்கள். மூன்று மிதியையும் மாற்றி மாற்றி மிதித்துப் பார்த்தீர்கள். அப்புறம் இறங்கி, "நீங்க உக்காருங்கண்ணா. எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படியே சீட்டைத் தள்ளிப் போட்டுக்கங்க" என்றீர்கள். நான் உட்கார்ந்ததும் நீங்கள் கேட்டது எனக்கு இப்போதும் ஆச்சரியம்: "செருப்போட ஓட்டுவீங்களா, வெறுங்காலாங்ணா?"

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. வெறுங்கால் என்றேன். வெறுங்காலில் ஓட்டுகிறவனுக்குக் குதிகால் கொஞ்சம் பின்னால் ஊன்றும், முழங்கால் உயரம் மாறும் என்று உங்கள் பையனுக்கு விளக்கிக்கொண்டே ஒரு சாக்பீஸை எடுத்தீர்கள். கிளட்சை மிதிக்கச் சொல்லி, விடச் சொல்லி, முழங்கால் போய் நிற்கிற உயரத்தில் டேஷ்போர்டின் கீழ்ப்பக்கம் ஒரு கோடு. பிறகு இன்ஜினை ஆஃப் பண்ணியபடியே எல்லாக் கியரையும் போட்டுக் காட்டச் சொன்னீர்கள். நான் கியர் ராடை முன்னால் தள்ளும்போது என் விரல்முட்டி டேஷ்போர்டுக்கு எவ்வளவு கிட்டத்தில் வருகிறது என்று குனிந்து பார்த்தீர்கள். நாலு விரல் இடைவெளி இருந்தது.

போதுமே என்றேன். "நிக்கிறப்ப நாலு விரலுங்ணா. வண்டி ஓடுறப்ப ராடு ஆடும், புஷ்ஷும் தேஞ்சிருக்கு. ரெண்டு விரல்னு வெச்சுக்கங்க" என்று அங்கேயும் ஒரு கோடு போட்டீர்கள். ரிவர்ஸ் போடும்போது நான் உடம்பைத் திருப்பிக் கண்ணாடி பார்ப்பேன், அப்போது இடது தோள் எங்கே வருகிறது என்பதையும் பார்த்தீர்கள். கிளீனர் தூங்கும்போது காலை எங்கே நீட்டுவான் என்று கேட்டீர்கள். அவன் வெட்கப்பட்டுக்கொண்டே கண்ணாடிக்குக் கீழே காலைத் தூக்கிப் போட்டுக் காட்டினான். அங்கேயும் கோடு. முடிவில் என் கேபின் பாண்டி ஆடக் கட்டம் போட்ட வாசல் மாதிரி இருந்தது.

கோடு விழாத இடம் எவ்வளவு கொஞ்சம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். கியர் வண்டியின் கேபினில் மனுஷனுடைய நாலு கை கால்களும் சும்மா இருப்பதில்லை. இடது காலுக்குக் கிளட்ச், வலது காலுக்கு மற்ற இரண்டும், இடது கை பாதி நேரம் ராடில், வலது கை ஸ்டியரிங்கில். இப்போது கிளட்ச் மிதியே இல்லாத லாரிகள் வந்துவிட்டன. அவற்றில் இவ்வளவு கணக்கு வேண்டியிருக்காது. என்னைப் போன்றவர்கள் ஓட்டுகிற வண்டியில் புதிதாக ஒரு சாமான் வைப்பதற்கு, ஓட்டுகிறவனின் உடம்பை முதலில் அளக்க வேண்டும்.

இருக்கைகளுக்கு நடுவே இன்ஜின் மேலிருக்கிற பானட் ஓரத்தில் தாராளமாக இடம் இருந்தது. நான்தான் அதைக் காட்டினேன். என் கையைப் பிடித்து அந்தத் தகரத்தின் மேல் வைத்தீர்கள். காலையிலிருந்து நின்ற வண்டி, அப்போதும் வெதுவெதுப்பு இருந்தது. "ஆந்திராவுல மே மாசம் ஓட்டியிருக்கீங்கல்ல?" என்றீர்கள். அதோடு விட்டேன். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற பெரிய லாரிகளுக்கு ஏ.சி. கேபின் கட்டாயம் ஆகிவிட்டது, நல்ல காரியம். 2014 மாடலுக்கு ஜன்னல்தான் ஏ.சி. அந்த வெக்கையில் மனுஷன் தாங்குவான், சர்க்யூட் பலகை தாங்காது.

கிளீனர் சீட்டுக்குக் கீழே வைக்கலாம் என்று உங்கள் பையன் சொன்னான். கேபினைக் கழுவும்போது ஹோஸ் பைப்பை உள்ளேயே விட்டு அடிப்பார்கள் என்று நீங்களே மறுத்துவிட்டீர்கள். கேபின் கழுவுகிற பழக்கம் தெரிந்தவருக்குத்தான் அந்தப் பதில் வரும். நீங்களும் கிளீனராக ஓடியவர் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கடைசியில் டேஷ்போர்டின் நடுவில், கீழ்ப் பலகையைக் கழற்றினால் உள்ளே ஒரு இரும்புப் பட்டை குறுக்கே ஓடுகிறது அல்லவா, அதில் கம்பெனிக்காரனே போட்ட இரண்டு போல்ட் இருந்தது. அந்தப் போல்ட்டிலேயே எல் வடிவத்தில் ஒரு தகடு வெட்டிப் பிடித்தீர்கள். புதிதாக ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. ஏன் டிரில் மெஷினை எடுக்கவே இல்லை என்று கேட்டபோது, டார்ச் அடித்து அந்தத் தகரத்தின் பின்பக்கத்தைக் காட்டினீர்கள். பிரேக்குக்குப் போகிற ஏர் பைப்புகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன, நைலான் குழாய்கள். கண்ணை மூடிக்கொண்டு டிரில் போட்டால் அதில் ஒன்று போயிருக்கும். பழைய வண்டியில் போட்ட இரண்டு ஸ்குரூவும் எதற்கு எவ்வளவு பக்கத்தில் இறங்கியதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

பெட்டிக்கு நாலு மூலையிலும் ரப்பர் வாஷர், மேலே நைலாக் நட்டு. ஒயர் செருகுகிற கப்ளர் கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி கவிழ்த்துப் பிடித்தீர்கள். ஒயர் கப்ளரிலிருந்து ஒரு சாண் கீழே தொங்கி, வளைந்து, பிறகுதான் மேலே ஏறியது. முன் கண்ணாடி ரப்பர் ஒழுகினால் தண்ணீர் ஒயர் வழியாக வந்து அந்த வளைவில் சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது. மழைக்காலத்தில் டேஷ்போர்டுக்குக் கீழே கை விட்டால் ஈரமாக இருக்கிற லாரி எதுவோ அந்த லாரிக்காரனுக்கு இதன் அருமை தெரியும்.

பலகையைக் கழற்றிய இடத்தில் நான் கேட்காத வேலை ஒன்றையும் செய்தீர்கள். லாரியில் இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். இந்த வண்டியில் ஒரு பேட்டரி மட்டும் அடிக்கடி படுத்துவிடும். பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியையே குறை சொல்வார், நானும் மாற்றுவேன். பாட்டுப் பெட்டிக்குப் போகிற ஒயரை நீங்கள் பிடித்துக்கொண்டே பின்னால் போனபோதுதான் விஷயம் வெளியில் வந்தது. முந்தைய ஓனர் காலத்தில் யாரோ இரண்டில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்திருக்கிறார்கள். ஆல்டர்நேட்டர் இரண்டையும் சேர்த்துத்தான் சார்ஜ் ஏற்றும்; 28 வோல்ட் பக்கம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஒன்று மட்டும் பாட்டுக்கும் செல்போன் சார்ஜருக்கும் தனியாகச் செலவானால் அது எப்போதும் பாதி வயிற்றோடு கிடக்கும், இன்னொன்று அளவுக்கு மேல் ஏறிக் கொதிக்கும். இரண்டுமே சீக்கிரம் போகும். ஒரு கன்வெர்ட்டரை வைத்து 24-ஐ 12 ஆக்கிக் கொடுத்தீர்கள். கன்வெர்ட்டர் விலை மட்டும்தான் வாங்கினீர்கள். கூலி கேட்டதற்கு, "பலகை ஏற்கெனவே கழட்டித்தானே கெடக்குதுங்ணா" என்றீர்கள். அப்படி ஒரு கணக்கை நான் வேறெங்கும் கேட்டதில்லை.

கவர்னருக்குக் கரண்ட் கேபினில் இருக்கிற ஃபியூஸ் பாக்ஸிலிருந்தே, தனி ஃபியூஸோடு. எர்த் பெயின்ட் அடித்த தகரத்தில் இல்லை, கம்பெனி எர்த் போல்ட்டில், சுரண்டிப் பளபளப்பாக்கிவிட்டு. வேக சிக்னலைக் கீழே கியர்பாக்ஸ் சென்சாரிலிருந்து இழுக்காமல் மீட்டருக்குப் பின்னால் எடுத்தீர்கள். கேபினை விட்டு ஒரு ஒயரும் கீழே இறங்கவில்லை. நான் பழைய கதையைச் சொன்னதனால் இப்படிச் செய்தீர்களோ என்று நினைத்தேன். கதையையே நான் அதற்குப் பிறகுதான் சொன்னேன். கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் கேபினை முழுசாகச் சாய்த்துக் காட்டினீர்கள், எதுவும் இழுபடவில்லை என்று நான் என் கண்ணால் பார்க்கட்டும் என்று.

ஆக்சிலேட்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் பெரும்பாலான வண்டிகளில் வினை பிடிக்கிறது. இந்த வண்டியில் ஆக்சிலேட்டர் மிதிக்கும் டீசல் பம்புக்கும் நடுவில் கேபிள் கிடையாது. மிதியிலிருந்து இரண்டு சிக்னல் இன்ஜின் கம்ப்யூட்டருக்குப் போகிறது. ஒன்று மற்றதில் பாதி வோல்ட். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று கம்ப்யூட்டர் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கும். பொருந்தாவிட்டால் மிதி கெட்டுவிட்டது என்று முடிவு பண்ணி, லைட்டைப் போட்டு, இன்ஜினை முக்கி முனகி ஊர்கிற நிலைக்குக் கொண்டுபோய்விடும். கவர்னர் பெட்டி இந்த இரண்டு சிக்னலுக்கும் நடுவில்தான் போய் உட்கார வேண்டும். ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றினால், ஒரு முறுக்கில் பச்சை பூத்தாலும் போச்சு. நீங்கள் ஒரு ஒயரையும் வெட்டவில்லை. மிதியின் கப்ளரைக் கழற்றி, அதற்கும் வண்டி ஒயரிங்குக்கும் நடுவில் பெட்டியின் கப்ளரைச் செருகினீர்கள். நாளைக்கே பெட்டியைக் கழற்றினாலும் வண்டி கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும்.

அப்புறம் வோல்ட் மீட்டரை வைத்து, மிதியில் கால் வைக்காதபோது எவ்வளவு வோல்ட் என்று பெட்டிக்கு முன்னும் பின்னும் அளந்தீர்கள். இது எதற்கு, மிதித்தால் ஓடுகிறதே என்று எனக்குத் தோன்றியது. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணச் சொன்னீர்கள். இறக்கத்தில் இன்ஜினை வைத்தே வண்டியை மட்டுப்படுத்துகிற எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்சைப் போடச் சொன்னீர்கள். ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக் காலை எடுக்கச் சொன்னீர்கள். கிளட்சை மிதிக்கச் சொன்னீர்கள். வால்வு அடைகிற சத்தமும் விடுகிற சத்தமும் சரியான நேரத்துக்கு வருகிறதா என்று கீழே குனிந்து நின்று காது கொடுத்தீர்கள்.

விளக்கமும் சொன்னீர்கள். எக்ஸாஸ்ட் பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் ஆக்சிலேட்டரில் கால் இல்லை என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டும். கிளட்சில் கால் வைத்தால் உடனே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் நின்றுவிடும். நடுவில் உட்கார்ந்த பெட்டி, காலை எடுத்த பிறகும் ஒரு இம்மி மிதித்திருப்பதாகக் காட்டினால், ஓட்டுகிறவனுக்கு ஒன்றுமே தெரியாது. மேட்டில் தெரியாது, சமவெளியில் தெரியாது. இறக்கத்தில் ஸ்விட்சைப் போடுவான், எக்ஸாஸ்ட் பிரேக் விழாது.

சாலையில் ஓட்டிப் பார்க்கப் புதுச்சத்திரம் பக்கம் போனோம். காலி வண்டி. முள் 80-க்கு வந்ததும் பழைய வண்டியில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் வெட்டி வெட்டிப் போகும். இதில் மிதியை அடி வரைக்கும் அழுத்தினேன். முள் அங்கேயே நின்றது, வண்டி குலுங்கவில்லை. பிறகு அஞ்சிலிருந்து நாலுக்கு இறக்கச் சொன்னீர்கள். நான் பழைய காலத்து ஆள். கியர் இறக்கும்போது டபுள் கிளட்ச் போட்டு, நடுவில் ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி இன்ஜினை ஏற்றிக்கொள்வது கையோடும் காலோடும் வந்த பழக்கம். இந்த வண்டிக்கு அது அவசியமே இல்லை. கவர்னர் அந்தத் தட்டைத் தாமதமாகக் கடத்தினால் எனக்குக் கியர் கரகரக்கும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. பல தடவை இறக்க வைத்தீர்கள். சிரிக்கவும் செய்தீர்கள், "இப்ப யாருங்ணா டபுள் கிளட்ச் போடுறாங்க" என்று. சிரித்துவிட்டு அதற்கும் சேர்த்துத்தான் சரிபார்த்தீர்கள்.

பணம் வாங்கும்போது நீங்கள் சொன்ன ஒரு விஷயத்தை இதைப் படிக்கிற டிரைவர்மாருக்காக எழுதுகிறேன். "இந்தப் பெட்டி டீசலைத்தான் அடைக்கும். வண்டியைப் புடிச்சு நிறுத்தாது. பெட்டி இருக்குதுன்னு எறக்கத்துல நம்பி உட்டுராதீங்க."

அதற்கப்புறம் நாக்பூரிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வந்தேன். நாக்பூர், ஹைதராபாத், பெங்களூர், சேலம் என்று வழி நெடுக ஒரே சாலைதான், நாமக்கல்லையும் தொட்டுக்கொண்டு போகிற தேசிய நெடுஞ்சாலை 44. தர்மபுரியைத் தாண்டிச் சேலத்துப் பக்கம் இறங்குகிற தொப்பூர் கணவாயைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டீசல் மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டு, காற்று தீர்ந்து, பிரேக் சூடேறி, முன்னால் போகிற கார்களின் மேல் ஏறிய லாரிகளின் கதை அந்த இறக்கத்தில் எத்தனையோ. இப்போதைய இன்ஜினில் அந்த மிச்சமும் கிடையாது. கியரில் போட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் கம்ப்யூட்டரே டீசலை அடைத்துவிடும். நியூட்ரலில் விட்டால்தான் இன்ஜின் அணையாமலிருக்க டீசல் குடிக்கும். ஆனாலும் விடுகிறார்கள்.

நான் உச்சியிலேயே கியரை இறக்கிக்கொண்டேன். எக்ஸாஸ்ட் பிரேக் ஸ்விட்சைப் போட்டேன். விழுந்தது. முழு லோடோடு, பிரேக் மிதியை அங்கங்கே மட்டும் தொட்டு, கீழே வந்து சேர்ந்தேன். இதில் சொல்ல ஒரு சம்பவமும் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன். அந்த இறக்கத்தில் ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு நீங்கள் பட்டறையில் குனிந்து நின்று கேட்ட அந்தச் சத்தம் ஒரு காரணம்.

போகிற வழியில் நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். நாக்பூரை நெருங்கும்போது வைப்பர் நின்றுவிட்டது. சாலையோரப் பட்டறை ஒன்றில் காட்டினேன். எனக்கு ஹிந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. டேஷ்போர்டுப் பலகையைக் கழற்றியவர் அதன் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நீங்கள் ஒட்டிவைத்த காகிதம். எந்த நிற ஒயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கலர் பேனாவில் படம், ஃபியூஸ் நம்பர், மாட்டிய தேதி, ஓரத்தில் தமிழில் 'வெல்டிங் வைக்கும்போது பேட்டரி ஒயரைக் கழற்றவும், இன்ஜின் கம்ப்யூட்டர் கப்ளரையும் கழற்றவும்'. மேலே பிளாஸ்டிக் உறை. அதை ஒட்டியது எனக்கே தெரியாது. அவர் தமிழைப் படிக்கவில்லை, படத்தைப் படித்தார். அந்த ஒயர்க் கட்டை மட்டும் தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு வைப்பர் ஒயரைத் தேடிப் பிடித்தார். போகும்போது யார் போட்டது என்று சைகையில் கேட்டார். எங்கள் ஊர்த் தம்பி என்றேன், தமிழிலேயே.

நம் ஊரில் லாரிக்குப் பாடி கட்டுகிறவர்களுக்குப் பேர் இருக்கிறது. கேபினுக்கு வெளியே பெயின்ட்டில் படம் எழுதுகிறவர் ஓரத்தில் கையெழுத்துப் போடுகிறார். சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் நல்ல மெக்கானிக் பேரைச் சொன்னால் தெரியாத ஓனர் இல்லை. ஒயரிங் வேலைக்கு மட்டும் பலகையை மூடிய பிறகு பேர் கிடையாது. கெட்டால்தான் ஆளைத் தேடுவார்கள், அதுவும் திட்டுவதற்கு. நான் ஒரு லாரி வைத்திருக்கிற ஆள். சங்கத்தில் மேடை ஏறிப் பேசுகிற ஆளும் இல்லை. எழுத வருகிறது என்பதால் எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்டுக்கொள்ள ஒன்று உண்டு. கூலியை ஏற்றுங்கள். சும்மா மாட்டிவிட்டுப் போகிறவருக்கும் உங்களுக்கும் ஒரே கூலி என்றால் அது எங்களுக்குத்தான் கெடுதல். பாதி நாள் ஒரு வண்டியோடு உட்கார்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர் நாலு வண்டிக்குச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார். உங்கள் பையன் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நன்றாகச் செய்தால் நஷ்டம் என்று அவன் கற்றுக்கொண்டுவிடக் கூடாது. டிரைவர்கள் முணுமுணுப்பார்கள், நானும் முணுமுணுப்பேன், கொடுத்துவிடுவோம்.

கடைசியாக ஒரு வேலை. என் மச்சான் 2021 மாடல் ஒன்று வைத்திருக்கிறான். அதில் வேகக் கட்டுப்பாடு இன்ஜின் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது, தனிப் பெட்டி வேண்டாம். ஜி.பி.எஸ்.ஸும் முன்னால் ஒரு கேமராவும் மாட்ட வேண்டுமாம். வேறொரு பட்டறையில், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற கப்ளரில் குத்தி கரண்ட் எடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். நான் தடுத்து வைத்திருக்கிறேன். வர்ற வியாழக்கிழமை கரூரில் லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வருவான். ஆறடி ஆள், சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளி ஓட்டுவான், ஷூ போட்டிருப்பான். கேமராவுக்கு 12 வோல்ட் வேண்டுமாம். கன்வெர்ட்டர் எத்தனை ஆம்பியர் என்று போனில் சொன்னால் கரூரிலேயே வாங்கி வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
வெறுங்காலில் ஓட்டுகிற அண்ணன்